பார்த்தே பசியாற ஒரு பலகை

பசியோடு வரும் விருந்தாளிதான் இந்தக் கலைக்கு முதல் எதிரி. அவரைச் சமாளிக்கத் தெம்பில்லாதவர்கள் சீஸ் பலகையில் இறங்கக்கூடாது. பேசாமல் பெரிய குக்கரில் பிரியாணி வைத்து இறக்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமைக்கும் புத்தாண்டு இரவுக்கும் நடுவே யாரையாவது வீட்டுக்கு அழைத்தே தீர வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள். அலுவலகத்து மேலாளர், பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளையின் பள்ளித் தோழியைப் பெற்றவர்கள் என்று வருகிறவர்கள் பலதரம். வந்தவர் மேல்கோட்டைக் கழற்றும்போதே கண்ணில் படும்படி ஒரு ஷார்குட்ரி பலகை விரிந்து கிடக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம் ஆகிவிட்டது. பலகையில் இருப்பது சீஸ், உப்புக்கண்டம், இரண்டுக்கும் நடுவே திராட்சை. வேறொன்றுமில்லை. ஆனால் வேறொன்றுமில்லை என்பது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதில்தான் உங்கள் திறமை இருக்கிறது.

வரலாறு கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. முழுக்கத் தெரிந்திருப்பது ஆபத்து. ஐரோப்பாவின் குடியானவர்கள் குளிர்காலம் நெருங்கும்போது பன்றியை அறுத்தார்கள். பனிக்காலம் முழுக்கத் தீவனம் போட்டுக் கட்டுப்படியாகாது. அறுத்ததை ஒரே வாரத்தில் தின்று தீர்க்கவும் முடியாது. அதனால் உப்பைத் தேய்த்துத் தொங்கவிட்டார்கள். கோடையில் மிஞ்சிய பாலை உறையவைத்து, பிழிந்து, உப்பிட்டு, நிலவறையில் அடுக்கினார்கள். கெட்டுப்போகக்கூடாது, அடுத்த வசந்தம் வரை வயிறு காயக்கூடாது என்ற இரண்டு கவலைகளில் பிறந்த பண்டங்கள் இவை. இன்று அவற்றையே கணப்பு எரியும் கூடத்தில் விரித்து வைத்து, இரண்டு மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுக் குப்பையில் கொட்டுகிறோம். இந்தப் பகுதியை விருந்தாளிகளிடம் சொல்ல வேண்டாம். "பல நூற்றாண்டுப் பாரம்பரியம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யாராவது உதாரணம் கேட்டால் இங்கிலாந்தின் மதுக்கடைகளில் கிடைக்கும் 'உழவர் மதிய உணவை'க் காட்டலாம்: ரொட்டி, சீஸ், வெங்காய ஊறுகாய். ரொட்டியும் சீஸும் பழையவைதான். அந்தப் பெயரை மதுக்கடை மதுக்கடையாகக் கொண்டு சேர்த்தது, 1950களில் சீஸ் விற்பனையைப் பெருக்க இயங்கிய சீஸ் பீரோ என்ற அமைப்பு. பாரம்பரியம் என்றால் யாராவது முதலில் செலவு செய்து விளம்பரம் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

முதலில் பலகை வாங்க வேண்டும். ஆலிவ் மரம் உசத்தி. அகேசியா மலிவு. அது நம்மூர் வேலமரத்துக்குச் சொந்தம் என்பதை ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் அதற்குக் கொடுத்த விலையைச் சொல்ல முடியாது. கறுப்பு ஸ்லேட் கல்லிலும் பலகை கிடைக்கிறது. சீஸின் பெயரைச் சாக்பீஸால் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம் என்பது அதன் சிறப்பு. அதைவிடப் பெரிய சிறப்பு, கத்தி உரசும்போது எழும் சத்தத்தில் பல் கூசுவதால் யாரும் இரண்டாவது முறை வெட்ட வரமாட்டார்கள்.

சாப்பாட்டுக்கு முந்தைய கொறிப்பு என்றால் ஆளுக்கு 60 கிராம் சீஸும் அதே அளவு இறைச்சியும் போதும் என்பது பொதுவான கணக்கு. எட்டுப் பேருக்கு அரைக் கிலோ சீஸ் வாங்கினாலே மிஞ்சும். ஆனால் அரைக் கிலோ சீஸை மூன்றடிப் பலகையில் வைத்துப் பாருங்கள், வீடு காலி செய்த மறுநாள் கூடம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். எனவே ஆளை எண்ணுவதைச் சமையல்காரர்களிடம் விட்டுவிட்டு, நீங்கள் சதுர அடியை எண்ணுங்கள்.

சீஸைத் தேர்ந்தெடுக்க எல்லாரும் சொல்லும் விதி ஒன்று உண்டு. மெத்தென்று ஒன்று, கெட்டியாக ஒன்று, நீலப் பூஞ்சை ஓடியது ஒன்று. பசு, வெள்ளாடு, செம்மறி என்று பாலும் மாறினால் உத்தமம். இதெல்லாம் கடைக்காரரே பார்த்துக்கொள்வார். உங்கள் வேலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதையைத் தயாராக வைத்திருப்பது. கதை நடந்துகொண்டிருக்கும்போது விருந்தாளி நாகரிகம் கருதிக் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். நல்ல கதை ஒன்று கால் கிலோ சீஸைக் காப்பாற்றும்.

நீண்ட கதை வேண்டுமென்றால் பார்மிஜானோ ரெஜ்ஜானோ வாங்குங்கள். ஏறத்தாழ 550 லிட்டர் பால் உறைந்து 40 கிலோ எடையில் ஒரு சக்கரமாகிறது. அது குறைந்தது 12 மாதம் அலமாரியில் கிடந்து முதிர வேண்டும். அதன் பிறகு பரிசோதகர் சிறு சுத்தியலோடு வந்து சக்கரத்தைச் சுற்றிலும் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். உள்ளே வெடிப்போ பொந்தோ இருந்தால் ஓசை காட்டிக்கொடுத்துவிடும். (இந்த இடத்தில் மேஜையைத் தட்டிக் காட்டவும். பலகையைத் தட்ட வேண்டாம், அத்திப்பழம் உருளும்.) சரி, சரக்கு ஒன்றிரண்டு வருடம் அலமாரியிலேயே கிடந்தால் செய்தவர் அதுவரை எதை வைத்துக் காலம் தள்ளுவார்? வட இத்தாலியின் கிரெடிட்டோ எமிலியானோ வங்கி 1953 முதல் இந்தச் சக்கரங்களை அடகு பிடித்துக் கடன் கொடுத்து வருகிறது. வங்கியின் கிட்டங்கியில் லட்சக்கணக்கான சக்கரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றைத் துடைத்து, திருப்பி வைத்து, பக்குவம் கெடாமல் பார்த்துக்கொள்வதும் வங்கியின் பொறுப்பு. அடகு வைத்த பொருள் பெட்டிக்குள் இருக்கும் காலத்தில் அதன் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. கடன் திரும்பி வராவிட்டால் வங்கி சீஸை விற்றுக்கொள்ளும்.

நகைக்கடன் தெரிந்த நம்மவர்களுக்கு இந்தக் கதை சொல்லி முடிப்பதற்குள் பிடிபட்டுவிடும். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "வட்டி எவ்வளவுப்பா போடறான்?" என்பார். பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்த விவாதம் ஓய இருபது நிமிடம் ஆகும், அதுவரை பலகை பத்திரம்.

யாராவது ஒரு துண்டை வாயில் போட்டு "மண்ணு கடிக்கிற மாதிரி இருக்கே" என்று சொன்னால் கலங்க வேண்டாம். முதிர்ந்த சீஸில் டைரோசின் என்ற அமினோ அமிலம் படிகமாகித் திரளும். நெறுநெறுப்பு அதனால்தான். "மண்ணில்லீங்க, வயசு" என்று சொல்லி மெல்லச் சிரிக்கவும். இந்தச் சிரிப்பைக் கண்ணாடி முன் பழகிக்கொள்வது நல்லது.

நீலத்துக்கு ரோக்ஃபோர். பிரான்சின் தெற்கே கோம்பாலு மலையின் குகைகளில், பாறைப் பிளவுகள் வழியே வரும் ஈரக்காற்றில் முதிரும் செம்மறிப்பால் சீஸ். புவிசார் குறியீடு என்று இப்போது நாம் பேசுவதன் மூத்த வடிவத்தை, 1925-ல் பிரான்ஸ் சட்டம் போட்டு முதன்முதலாக ஒரு சீஸுக்குக் கொடுத்தது இதற்குத்தான். அந்தக் காலத்தில் ரை ரொட்டியைக் குகையில் வைத்துப் பூசணம் பிடிக்கவிட்டு, அதைப் பொடித்துச் சீஸில் கலந்தார்கள். அதே பூஞ்சை உங்கள் வீட்டு ரொட்டியில் வந்திருந்தால் பாக்கெட்டோடு தூக்கி எறிந்திருப்பீர்கள். மேற்படி ஒப்பீட்டை விருந்தில் செய்ய வேண்டாம், பெரியப்பாவே செய்துவிடுவார்.

ஸ்டில்டன் வாங்கினால் கதை சின்னது. டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்கம்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில் செய்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம். ஸ்டில்டன் என்ற கிராமம் அந்த மூன்றிலும் இல்லை. ஆகவே ஸ்டில்டனில் செய்தது ஸ்டில்டன் ஆகாது. மான்செகோவின் தோலில் ஓடும் வளைகோடுகளைக் காட்டி, முன்னாளில் எஸ்பார்த்தோ புல்லால் பின்னிய வார்ப்பின் தடம் அது என்று சொல்லலாம். இப்போதைய வார்ப்பு பிளாஸ்டிக், புல்லின் தடத்தை அதில் செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பது சொல்லத் தேவையில்லாத பகுதி.

எமெண்டால் துளைகளைப் பற்றிக் குழந்தைகள் நிச்சயம் கேட்பார்கள். எலி கடித்தது என்று சொல்லிச் சமாளிக்க முடியாது, அவர்கள் அமெரிக்கப் பள்ளியில் படிக்கிறார்கள். பாக்டீரியா வெளிவிடும் கரிவளி குமிழாகத் தங்குவதால் துளை விழுகிறது. ஆனால் குமிழ் எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு ஒரு தூசி வேண்டும். சுவிட்சர்லாந்தின் அக்ரோஸ்கோப் ஆய்வு நிலையம் 2015-ல் சொன்னபடி, பாலில் விழும் வைக்கோல் துணுக்குகள்தான் அந்தத் தூசி. வாளியில் கறந்த காலத்தில் துணுக்கு தாராளமாக விழுந்தது. மூடிய குழாயில் இயந்திரம் கறக்கத் தொடங்கியதும் பால் சுத்தமாகி, துளைகள் குறைந்தன. சுத்தத்தால் கெட்டுப்போன அழகு என்று ஒரு பெருமூச்சு விடலாம்.

கையில் காசு மிச்சமிருந்தால் தெத் த முவான் என்ற உருளைச் சீஸ் ஒன்றை வாங்கி, அதைச் சீவும் ஜிரோல் கருவியையும் வாங்கிவிடுங்கள். அந்தக் கருவி 1982-ல் சுவிட்சர்லாந்தின் ஜூரா பகுதியில் நிகலா கிரெவ்வாசியே என்பவர் உண்டாக்கியது. நடுவில் குத்தி நிறுத்திய உருளையின் மேல் கத்தியைச் சுற்றினால் சீஸ் சுருள் சுருளாகப் பூத்து வரும். எல்லாரும் வரிசையில் நின்று சுற்றுவார்கள். சுற்றுகிறவர் சாப்பிடுவதில்லை. முதலீடு வீண்போகாது.

இறைச்சிக்கு வருவோம். உப்புக்கண்டம் என்று நான் எழுதுவது நமக்குள் இருக்கட்டும். மேஜையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் பாதி விலை போய்விடும்.

புரோஷூட்டோ தி பார்மா இல்லாமல் பலகை நிறைவு பெறாது. பன்றித் தொடை, உப்பு, காலம். அதில் வேறெதையும் சேர்க்க அனுமதியில்லை. பார்மிஜானோ செய்யும்போது வடியும் தெளிநீர் அந்தப் பன்றிகளுக்குத் தீவனம். பலகையில் இவை பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது ஒன்றும் தற்செயல் இல்லை, ஒன்றின் மிச்சத்தைக் குடித்து மற்றது வளர்ந்திருக்கிறது. பார்மாவுக்குத் தெற்கே லாங்கிரானோ பக்கத்துச் சரிவுகளில், உயரமான சன்னல்களைத் திறந்தும் மூடியும், மலைக்காற்றை அளந்து உள்ளே விட்டுத் தொடைகளை உலர்த்துகிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆனதும் பரிசோதகர் குதிரை எலும்பில் செய்த ஊசி ஒன்றை எடுத்து, தொடையின் ஐந்து இடங்களில் குத்தி, ஒவ்வொரு முறையும் முகர்ந்து பார்க்கிறார். அந்த எலும்பில் நுண்துளைகள் உண்டு. வாசனையைச் சட்டென்று பிடிக்கும், அதே வேகத்தில் விட்டுவிடும், அடுத்த குத்துக்கு ஊசி தயார். இயந்திரமும் ஆய்வுக்கூடமும் வந்த பிறகும் கடைசித் தீர்ப்பு ஒரு மனித மூக்கின் கையில் இருக்கிறது. மூக்கு சம்மதித்தால்தான் ஐந்து முனைக் கிரீடத்தைச் சூடு போட்டுப் பதிப்பார்கள். எனக்கு இதில் உண்மையான மரியாதை உண்டு. உங்களுக்கோ இதில் வேறொரு பயன்: குதிரை எலும்பு என்ற சொல் காதில் விழுந்ததும் குறைந்தது இரண்டு பேர் திராட்சைப் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

புரோஷூட்டோவைத் தட்டையாகப் பரப்பக்கூடாது. ஒவ்வொரு தாளையும் நடுவில் கிள்ளித் தூக்கி, தானாகச் சரிந்து விழும்படி விட வேண்டும். ஒன்றுமே செய்யாததைப்போலத் தோன்ற வேண்டும். ஒன்றுமே செய்யாததைப்போலத் தோன்றுவதற்கு நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள்.

ஸ்பெயினின் ஹாமோன் இபேரிக்கோ வாங்குமளவுக்கு வசதி இருந்தால் சீட்டின் நிறத்தைக் கவனியுங்கள். 2014 முதல் அங்கே நான்கு நிறச் சட்டம் இருக்கிறது. கறுப்பு என்றால் கலப்பில்லாத இபேரியப் பன்றி, ஓக் மரங்களின் அடியில் மேய்ந்து, உதிர்ந்த கொட்டைகளைத் தின்று கொழுத்தது. சிவப்பு என்றால் அதே மேய்ச்சல், ஆனால் கலப்பு இனம். அதற்குக் கீழே பச்சை, கடைசியில் வெள்ளை. கறுப்புச் சீட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பலகையின் ஓரத்தில், எடுக்க மறந்துவிட்ட பாவனையில் கிடக்கட்டும். வெள்ளைச் சீட்டு என்றால் உண்மையாகவே குப்பையில் போட்டுவிடுங்கள்.

மொர்த்தடெல்லா கொஞ்சம் இளப்பமான சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. பிங்க் நிறம், வெள்ளைக் கொழுப்புப் புள்ளி, பிஸ்தா. ஆனால் அதற்கு ஒரு சினிமா இருக்கிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குப் பயந்து அமெரிக்கா 1967-ல் இத்தாலியப் பன்றி இறைச்சிப் பண்டங்களுக்குத் தடை போட்டது. பார்மா தொடைக்கு 1989-ல்தான் கதவு திறந்தது, மொர்த்தடெல்லா 2000 வரை காத்திருந்தது. தடை நடந்துகொண்டிருந்த 1971-ல் மாரியோ மோனிச்செல்லி எடுத்த 'லா மொர்த்தடெல்லா' படத்தில், கல்யாணத்துக்காக நியூயார்க்கில் வந்திறங்கும் சோஃபியா லோரனைச் சுங்க அதிகாரிகள் மடக்குகிறார்கள். கையில் பரிசாக வந்த பெரிய மொர்த்தடெல்லா. அதை விட்டுத்தர மாட்டேன் என்று விமான நிலையத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். ஊறுகாய் ஜாடியோடு அதே நகரத்துச் சுங்க மேஜை முன் நின்ற எத்தனையோ மாமிகளுக்கு அந்தக் காட்சியின் நியாயம் உடனே புரியும். அவர்களுக்காகப் படமெடுக்கத்தான் ஆளில்லை.

சலாமிக்குப் பூ கட்ட வேண்டும். ஒயின் கோப்பையின் விளிம்பில் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் மடித்து வைத்துக்கொண்டே போங்கள். இரண்டு மூன்று சுற்று ஆனதும் கவிழ்த்தால் ரோஜா. ரோஜாவைக் கலைக்க யாருக்கும் மனம் வராது என்பதால் இரவு முடியும்போது முழுசாக நிற்கப்போவது அதுதான். கோப்பை விளிம்பில் கொழுப்பு படிந்திருக்கும், கழுவிவிடுங்கள். கழுவ மறந்தால் அந்தக் கோப்பை யாருக்குப் போகிறது என்பதையாவது நீங்களே தீர்மானியுங்கள். ரோஜா வேண்டாம் என்பவர்களுக்கு ஆறு இருக்கிறது. மரிஸா மல்லன் என்ற அமெரிக்கப் பெண்மணி, சலாமியை நாலாக மடித்துச் சீஸ்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடவிடும் 'சலாமி ஆறு' என்ற முறையைப் பிரபலமாக்கி, 2020-ல் புத்தகமும் போட்டிருக்கிறார். சீஸ், இறைச்சி, பழம், மொறுமொறுப்பு, தொடுகுழம்பு, தழை என்று எண் போட்டு வரிசையாக நிரப்பச் சொல்வது அவர் வழி. வேலை செய்யும் வழி என்பதால் இதில் கிண்டலுக்கு இடமில்லை.

இடுக்குகளை நிரப்புவதில்தான் பலரும் சோர்ந்துபோவார்கள். மரம் தெரியக்கூடாது. பாதாம், அத்தி, சின்ன வெள்ளரி ஊறுகாய், தேனடைத் துண்டு, கடுகு விழுது, மார்மலேடு, கடைசியாக ரோஸ்மேரிக் கொத்து. ரோஸ்மேரியை யாரும் சாப்பிடுவதில்லை. அது பசுமைக்கு. பிஸ்கட்டுகளைக் கடைசி நிமிடத்தில் செருகுங்கள், ஈரம் பட்டால் நமத்துவிடும். பலகை வேலையே வேண்டாம் என்று ஒதுங்குபவர்களுக்காக 2022-ல் வெண்ணெய்ப் பலகை என்று ஒன்று புறப்பட்டது. மரத்தில் வெண்ணெயைப் பூசி, பூ தூவி, ஆளாளுக்கு ரொட்டியால் வழித்துத் தின்பது. அதைப் பற்றி இந்தக் கட்டுரை எதுவும் சொல்லாது.

வருகிறவர்களில் பாதிப்பேரால் பாதியைச் சாப்பிட முடியாது என்றால் பலகை அதிக நேரம் அழகு குலையாமல் இருக்கும். நம் வீட்டு விருந்துகளில் இது தானாகவே அமைந்துவிடுகிறது. பன்றி ஆகாதவர்களுக்கு மாட்டிறைச்சியில் செய்த பிரசாவோலா இருக்கிறது. இத்தாலியின் வால்தெல்லீனாப் பள்ளத்தாக்குச் சரக்கு. ஆனால் அதற்குப் பயன்படும் இறைச்சியில் கணிசமான பங்கு பிரேசிலிலிருந்து வரும் திமில் மாட்டினுடையது. பிரேசிலின் திமில் மாடுகள் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனவற்றின் வாரிசுகள். அங்கே பெருகிக் கிடக்கும் 'நெலோர்' இனத்துக்குப் பெயர் தந்தது நம் நெல்லூர். சென்னையிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்து ஊர், இரண்டு கடல் சுற்றி, ஆல்ப்ஸ் மலையடியில் உப்பில் ஊறி, நியூஜெர்சி மேஜைக்கு வந்து சேருகிறது. மாடும் ஆகாதவர்களிடம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டாம். முஸ்லிம் நண்பர் வந்தால் பன்றி இல்லை என்பது மட்டும் போதாது, ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும்.

சைவர்கள் விஷயத்தில் கொஞ்ச நேரம் விளையாட்டை நிறுத்திக்கொள்கிறேன். "சீஸ் பால்தானேப்பா, நான் சாப்பிடலாமே" என்று பெரியப்பா கை நீட்டுவார். பாலை உறையவைக்கும் ரென்னெட், பார்மிஜானோவுக்கு விதிப்படியே கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து வர வேண்டும். அமெரிக்கத் தொழிற்சாலைச் சீஸ்களில் பெரும்பாலும், 1990-ல் அனுமதி பெற்ற, நுண்ணுயிர் வழியே நொதிக்கவைத்துச் செய்யும் ரென்னெட்தான். அட்டையில் 'வெஜிடேரியன் ரென்னெட்' என்று இருக்கிறதா பாருங்கள். போர்ச்சுகலின் செர்ரா த எஸ்த்ரேலாவையும் ஸ்பெயினின் தோர்த்தா தெல் காசாரையும் ஒருவகை முட்செடிப் பூவின் சாற்றால் உறையவைக்கிறார்கள். கரண்டியால் எடுக்குமளவு இளகியவை, ருசியில் யாருக்கும் குறைந்தவை அல்ல. அவற்றைத் தனித்தட்டில், தனிக்கத்தியோடு, சலாமி ஆறு பாயாத தூரத்தில் வையுங்கள். பெரியவர் கேட்கும்போது உண்மையைச் சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகள் வந்திருந்தால், காய்ச்சாத பாலில் செய்த இளஞ்சீஸும் சூடு காட்டாத இறைச்சித் துண்டும் வேண்டாம். லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்பெட்டியிலும் வளரும்.

விளையாட்டுக்குத் திரும்பலாம். படம் எடுக்க வேண்டும். சன்னலோர வெளிச்சம்தான் சிறந்தது, விளக்கொளியில் ப்ரீ சீஸ் மஞ்சள் காமாலை கண்டதுபோல் விழும். டிசம்பரில் நியூஜெர்சியில் நாலரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். விருந்தாளிகள் வருவது ஆறரைக்கு. சீக்கிரம் கெடும் பண்டங்கள் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் விதி. 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். சென்னையில் மே மாதம் இந்த வேலையில் இறங்குபவர்கள் கடைசி வரியைத் திரும்பப் படிக்கவும். இதற்கிடையே சீஸை ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்து வைத்தால்தான் மணமும் ருசியும் எழும் என்பது வேறு. ஆகக் கணக்கு தெளிவு: பலகை இரண்டு. மூன்றரை மணிக்குப் படத்துக்கு ஒன்று, ஆறரைக்கு ஆட்களுக்கு ஒன்று. முதலாவது அழகாக இருக்கும். இரண்டாவதைச் சாப்பிடும்போது எல்லாரும் முதலாவதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

யாராவது ஒருவர் சலாமியிலிருந்து கையை எடுக்காமலே நின்றால், அவரைப் பார்க்காமல், பொதுவாக, 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது பற்றிப் பேச்செடுங்கள். நாளொன்றுக்கு 50 கிராம் வீதம் தின்றுவந்தால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. தினமும் தின்பவர்களுக்கான கணக்கு அது, ஒரு விருந்துக்கு அல்ல. பின்வாக்கியத்தை அவர் ரோஜாவைக் கீழே வைத்த பிறகு சொல்லலாம்.

கத்தி விழுந்தே தீரும் நிமிடமும் வரும். ப்ரீ போன்ற ஆப்புத் துண்டின் கூர்முனையை வெட்டுவது பிரெஞ்சுக்காரர்களிடம் பெரிய குற்றம். மூக்கை அறுப்பது என்பார்கள். முதிர்ச்சி தோலிலிருந்து நடுவை நோக்கிப் போவதால் முனையில் ஒரு ருசி, தோலோரம் வேறொரு ருசி. முனையிலிருந்து தோல் வரை நீளவாக்கில் மெல்லிய ஆப்பாக எடுத்தால் ஒவ்வொருவருக்கும் எல்லாம் கொஞ்சம் கிடைக்கும். மூக்கை ஒருவர் அறுத்துக்கொண்டு போய்விட்டால் அடுத்தவருக்கு வெறும் தோல். பந்தியில் பாயசத்து முந்திரியை மட்டும் பொறுக்குகிறவரை நாம் பார்க்கும் பார்வைக்கு அங்கேயும் இடமுண்டு. உங்கள் விருந்தாளிகளுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரியவிடவும் வேண்டாம். யார் மூக்கை அறுக்கிறார் என்பதை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் போனபின் மிச்சத்தைப் பிரியுங்கள். கெட்டிச் சீஸ் பிழைக்கும். இரண்டு மணி நேரம் தாண்டிய இளஞ்சீஸைப் பார்த்து இரக்கப்படாதீர்கள், போகட்டும். பார்மிஜானோவின் அடித்தோலை இத்தாலியப் பாட்டிகள் எறிவதில்லை, சூப் கொதிக்கும்போது உள்ளே போட்டுவிடுவார்கள். பருப்பு வேகும்போது போட்டாலும் அது தன் வேலையைச் செய்யும், பெரியப்பா ஊருக்குக் கிளம்பிய பிறகு. பலகையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் மரம் வெடிக்கும். துடைத்து, காயவைத்து, எண்ணெய் தடவி, அடுத்த நவம்பர் வரை குளிர்பெட்டியின் மேல் சாய்த்து வைக்கவும்.

இரண்டு வாரத்துக்குள் பதில் அழைப்பு வரும். அவர்கள் வீட்டுப் பலகை உங்களுடையதைவிட அரையடி நீளமாக இருக்கும், ஜிரோலும் இருக்கும், வட இத்தாலிய வங்கிக் கதையை உங்களிடமே சொல்வார்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். வட்டி எவ்வளவு என்றுகூடக் கேட்கலாம். கதை முடிந்ததும் கத்தியை முதலில் நீங்கள் எடுத்து, ப்ரீயின் மூக்கைச் சுத்தமாக அறுத்து வாயில் போட்டுக்கொண்டு, "எவ்ளோ அழகா அடுக்கியிருக்கீங்க!" என்று சொல்லுங்கள்.